நிபந்தனையோடு வரும் ராணுவ உதவி: எல் சால்வடோர் கணக்கு

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. உள்நாட்டுக் கிளர்ச்சியோடு போராடும் அரசுக்கு ஒரு வல்லரசு பணம், ஆயுதம், பயிற்சி கொடுத்தால் அந்த அரசு ஜெயிக்குமா? கொடுக்கும்போது மனித உரிமை நிபந்தனை போட்டால் அந்த ராணுவம் திருந்துமா?

சுருக்கமாகச் சொன்னால், முதலாவதற்குப் பதில்: தோற்காமல் காப்பாற்றும், ஜெயிக்க வைப்பது அரிது. இரண்டாவதற்கு: நிபந்தனை எப்படி எழுதப்பட்டிருக்கிறது, மீறினால் பணத்தை நிறுத்தும் துணிவு கொடுப்பவருக்கு உண்டா என்பதைப் பொறுத்தது. இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போகலாம், பயனில்லை. மத்திய அமெரிக்காவின் சிறு நாடான எல் சால்வடோரை எடுத்துக்கொள்வோம். 1980 முதல் 1992 வரை 12 ஆண்டுப் போர். 21,000 சதுர கிலோமீட்டர், சுமார் 50 லட்சம் மக்கள். செத்தவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலும் கொடுத்தவர் ஒருவர்தான், அமெரிக்கா. போர் முடிந்ததும் ஐ.நா. உண்மை ஆணையம் விசாரித்தது, புதைகுழிகள் தோண்டப்பட்டன, வாஷிங்டனின் கோப்புகளும் வெளியே வந்தன. அதனால் எந்தப் பணம் எங்கே போய் என்ன செய்தது என்பதைச் சரிபார்த்துப் பேச முடிகிற அபூர்வமான போர் இது.

தொடக்கத்தையே பாருங்கள். 1980 பிப்ரவரியில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, ராணுவ உதவியைத் தராதீர்கள் என்று அதிபர் கார்ட்டருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் 24 அன்று பூசை நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபரில் இடதுசாரி ஆயுத இயக்கங்கள் சேர்ந்து எஃப்எம்எல்என் என்ற கெரில்லா முன்னணி ஆயின. டிசம்பர் 2 அன்று நான்கு அமெரிக்கக் கிறித்தவ ஊழியப் பெண்களை (மூவர் கன்னியாஸ்திரிகள்) சால்வடோர் அரசின் தேசியக் காவல்படையினர் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றார்கள். கார்ட்டர் உதவியை நிறுத்தினார். 1981 ஜனவரி 10 அன்று எஃப்எம்எல்என் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. அடுத்த சில நாட்களிலேயே அதே கார்ட்டர் உதவியைத் திறந்துவிட்டதோடு, கூடுதலாக 50 லட்சம் டாலருக்கு ஆயுதமும் அனுப்பினார். கொலை நடந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, வழக்கு ஓர் அடிகூட நகரவில்லை. சால்வடோர் ராணுவ அதிகாரிகள் அந்த ஆறு வாரத்தில் ஒரு பாடம் படித்தார்கள்: நாங்கள் விழப்போகிறோம் என்றால் அமெரிக்கா கொடுத்தே தீரும். கொடுப்பவரின் பிடி தளர்வது இங்கேதான். வாங்குபவன் பலவீனமாக ஆக, பேரத்தில் அவன் கை ஓங்குகிறது.

இனி பணம் வரும் வழிகள். ராணுவ உதவி என்பது ஒரே பெட்டியில் வருவதில்லை. ஆயுதம் வாங்கக் கடன், திருப்பித் தர வேண்டாத மானியம், அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்வி நிதி ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்குபவை. நான்காவது வழி வேறு மாதிரி. வெளிநாட்டு உதவிச் சட்டத்தின் 506-ஆம் பிரிவின்படி, அவசரம் என்று அதிபர் அறிவித்தால் அமெரிக்க ராணுவத்தின் சொந்தக் கிடங்கிலிருந்தே பொருளை எடுத்து அனுப்பலாம். 1982 ஜனவரி 27 அன்று கெரில்லாக்கள் இலோபாங்கோ விமானத் தளத்துக்குள் புகுந்து, நாட்டின் விமானப்படையில் பெரும்பகுதியைத் தரையிலேயே வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில நாட்களில், கார்ட்டருக்கு அடுத்து வந்த அதிபர் ரீகன் இந்த 506 வழியாக 5.5 கோடி டாலர் ஒதுக்கினார். போன ஹெலிகாப்டர்களுக்குப் பதில் புதியவை வந்தன, கூடவே ஏ-37 தாக்குதல் விமானங்களும். தாக்குதலுக்கு முன் இருந்ததைவிட நல்ல விமானப்படையே கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஆண்டு ஒதுக்கீடு 1983-ல் 8.13 கோடி டாலர். 1984-ல் அது 19.66 கோடிக்கு ஏறியது. பிறகு படிப்படியாக இறங்கி, பத்தாண்டின் கடைசியில் மறுபடி எட்டு கோடிப் பக்கம் வந்து நின்றது. இந்த ஏற்ற இறக்கமே ஒரு தொல்லை. ஹெலிகாப்டர் உதிரிபாகத்துக்கு ஆர்டர் போட்டால் வர மாதக்கணக்கில் ஆகும். பணமோ நாடாளுமன்றச் சண்டையில் மாட்டி, நிதியாண்டு பாதி கடந்த பிறகு வரும். 1984 ஏப்ரலில் நாடாளுமன்றம் இழுத்தடித்தபோது, ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் அவசரப் பிரிவைப் பிடித்து 3.2 கோடி டாலருக்கு ரவையும் மருத்துவப் பொருளும் அனுப்ப வேண்டியதாயிற்று. அடுத்த சரக்கு எப்போது வரும் என்று தெரியாத தளபதி ரவையைப் பதுக்குவான், ரோந்தைக் குறைப்பான்.

ராணுவ உதவியை மட்டும் கூட்டிப் பார்த்தால் 12 ஆண்டில் 100 கோடி டாலரைத் தாண்டும். பொருளாதார உதவி அதற்கும் இருமடங்குக்கு மேல். இந்த இரண்டாவதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். கெரில்லாக்கள் மின்கோபுரங்களையும் பாலங்களையும் காபித் தோட்டங்களையும் குறிவைத்தார்கள். 1984 புத்தாண்டு நாளன்று லெம்பா ஆற்றின் மேலிருந்த குஸ்கட்லான் பாலம் வெடித்து விழுந்தது. இந்த ஓட்டையை அடைத்தது பொருளாதார உதவிதான். அமெரிக்கா டாலர் தரும்; அரசு அதை இறக்குமதியாளர்களுக்கு விற்று உள்ளூர் நாணயமான கொலோனாக மாற்றும்; அது பட்ஜெட்டுக்குள் போகும். பள்ளிக்கூடத்துக்கு என்று எழுதிக் கொடுத்தாலும், அதனால் மிச்சமாகும் அரசின் சொந்தப் பணம் ராணுவச் சம்பளத்துக்குப் போகும். 1987 வாக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த மொத்த உதவி, அந்த நாடு தன் பட்ஜெட்டுக்குத் தானே திரட்டிய தொகைக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தது.

ஆட்களைப் பொறுத்தவரை, 1980-ல் காவல்படைகளையும் சேர்த்து 20,000 பேருக்கும் குறைவாக இருந்த படை, 1987-க்குள் 56,000 ஆனது. எதிரே எஃப்எம்எல்என் உச்சத்தில் 10,000 முதல் 12,000 பேர். இவ்வளவு வேகமாகப் படையைப் பெருக்கினால் முதலில் வறண்டு போவது ஹவில்தார் மட்டத்து ஆட்கள். சால்வடோரில் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பது என்றால் பஸ்ஸை நிறுத்தி ஏழை இளைஞர்களை இறக்கி லாரியில் ஏற்றுவதுதான். இரண்டு ஆண்டு முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய்விடுவான். அனுபவம் உள்ளவனைச் சம்பளம் உயர்த்தித் தக்கவைத்து ஹவில்தாராக்குங்கள் என்று அமெரிக்க ஆலோசகர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பார்த்தார்கள். அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை, தங்கள் அதிகாரத்தைக் கீழே பகிர அவர்கள் தயாராக இல்லை. ஹவில்தார் இல்லாத படையால் இரவில் பத்துப் பேர் ரோந்தாகப் பிரிந்து போக முடியாது. நூற்றுக்கணக்கில் திரண்டு பகலில்தான் நகர முடியும். அப்படி நகரும் படையைக் கெரில்லா மலையிலிருந்தே பார்த்துவிட்டு நழுவிவிடுவான்.

பயிற்சிக்கு வந்த அமெரிக்கர்களின் எண்ணிக்கை 55 என்று ஒரு வரம்பு இருந்தது. அது சட்டம் இல்லை. 1981-ல் அமெரிக்க அரசு தானே போட்டுக்கொண்ட கோடு. வியட்நாம் பயம் அது. 'ஆலோசகர்' என்ற சொல்லையே தவிர்த்து 'பயிற்சியாளர்' என்றுதான் சொன்னார்கள். சண்டைக்குப் போகக் கூடாது, கைத்துப்பாக்கிக்கு மேல் ஆயுதம் தூக்கக் கூடாது என்பதும் விதி. 1982-ல் ஓர் அதிகாரி எம்-16 துப்பாக்கியோடு தொலைக்காட்சிக் கேமராவில் சிக்கி, உடனே ஊருக்கு அனுப்பப்பட்டார். வரம்பைச் சமாளிக்க வழிகளும் இருந்தன. மருத்துவக் குழுவை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஒரு பட்டாலியனை முழுதாக விமானத்தில் ஏற்றி வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக்குக்கு அனுப்பினார்கள். 1983-ல் ஹோண்டுராஸின் புவேர்ட்டோ காஸ்டில்யாவில் பயிற்சி முகாம் திறந்தார்கள். ஹோண்டுராஸும் எல் சால்வடோரும் 1969-ல் தமக்குள் போரிட்ட நாடுகள். எதிரி நாட்டுப் படையை எங்கள் மண்ணில் வளர்ப்பதா என்று ஹோண்டுராஸ் முறுக்கிக்கொண்டு, அடுத்த ஆண்டே சால்வடோர் வீரர்களை அனுமதிக்க மறுத்தது. வரைபடத்தில் அழகாகத் தெரியும் திட்டம் அண்டை வீட்டுப் பகையில் சரிவது புதிதல்ல.

என் கணிப்பில் இந்த 55 வரம்பு நல்லதே செய்தது. சண்டை சால்வடோர் ராணுவத்தின் சண்டையாகவே இருந்தது. அமெரிக்கர் வந்து தாங்கிப் பிடிக்கும் படை அவர் போன மறுநாள் என்ன ஆகும் என்பதை 2021 ஆகஸ்டில் காபூலில் பார்த்தோம். பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் வெளியேறியதும் விமானப்படை முடங்கத் தொடங்கியது அங்கே நடந்த முதல் விஷயங்களில் ஒன்று.

ஆயுதங்களில் இரண்டைச் சொன்னால் போதும். முதலாவது துப்பாக்கி. சால்வடோர் படையிடம் ஜெர்மானிய ஜி-3 இருந்தது. 7.62 மி.மீ. ரவை, கனம் அதிகம். அதை மாற்றி 5.56 மி.மீ. ரவை போடும் எம்-16 கொடுத்தார்கள். தூக்க லேசு, அமெரிக்கக் கிடங்கிலிருந்து ரவை தடையில்லாமல் வரும். ஆனால் தனித்தனியாகச் சிறு காவல்நிலைகளில் நின்ற வீரர்கள் சரணடைந்தபோதெல்லாம் அதே துப்பாக்கியும் ரவையும் கெரில்லா கைக்குப் போயின. அரசுப் படையின் வழங்கல் வரிசையே எதிரியின் வழங்கல் வரிசையும் ஆனது. கெரில்லாக்களிடமிருந்து பிடிபட்ட சில எம்-16களின் வரிசை எண்ணைப் பார்த்தபோது, வியட்நாமில் அமெரிக்கா விட்டுவிட்டு வந்தவை என்று தெரிந்தது தனிக்கதை. ஒரு போரில் கொடுத்த ஆயுதம் இன்னொரு போரில் எதிர்ப்பக்கம் முளைக்கும்.

இரண்டாவது, யூஎச்-1எச் ஹெலிகாப்டர். பத்துப் பதினொரு வீரர்கள் ஏறலாம் என்று கையேடு சொல்லும். வெப்பத்தில், மலை உயரத்தில், கதவோரம் இரண்டு இயந்திரத் துப்பாக்கிக்காரர்களோடு என்றால் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வது பத்திரம். நூறு பேர் கொண்ட ஒரு கம்பெனியை ஒரே தடவையில் இறக்க 13 ஹெலிகாப்டர் வேண்டும். எந்த நேரத்திலும் பாதி பட்டறையில் கிடக்கும் என்றால் கையிருப்பு 26. விமானிக்குப் பயிற்சி தரப் பல மாதங்கள், நல்ல மெக்கானிக்குக்கு அதைவிட அதிகம். அதனால்தான் 1982-ல் ஹெலிகாப்டர் வந்தும் 1984-85-ல்தான் அதன் பலன் தெரிந்தது. தெரிந்ததும் அது பெரிதாகவே தெரிந்தது. அதுவரை நூற்றுக்கணக்கில் திரண்டு முகாம்களைத் தாக்கிய எஃப்எம்எல்என், வானிலிருந்து அடிவிழும் என்றானதும் சிறு குழுக்களாகப் பிரிந்துவிட்டது. அதன்பின் ராணுவத்துக்குப் பெருஞ்சேதம் கண்ணிவெடியால். போரில் தோற்கும் ஆபத்து நீங்கியது, போர் மட்டும் நீங்கவில்லை.

முகாம் கட்டிக் கொடுப்பதன் எல்லையை எல் பரைசோவில் பார்க்கலாம். வடக்கே சலத்தெனாங்கோவில் அமெரிக்க வடிவமைப்பில் கட்டிய 4-ஆம் பிரிகேட் தளம் அது. 1983 டிசம்பர் 30 அன்று கெரில்லாக்கள் அதைப் பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொன்றார்கள். தளத்தைச் சீராக்கி, காவலைக் கூட்டினார்கள். 1987 மார்ச் 31 அன்று மறுபடி உள்ளே புகுந்தார்கள். இந்த முறை ஓர் அமெரிக்கப் பயிற்சியாளரும் இறந்தார். முள்வேலியும் கோபுரமும் இருந்தும், வெளியே இரவு ரோந்து இல்லை, உள்ளே உளவு சொல்லும் ஆட்கள் இருந்தார்கள்.

பணத்தால் தொட முடியாத இடம் ஒன்று உண்டு: அதிகாரிகளின் 'தாண்டா'. ராணுவக் கல்லூரியில் ஒரே ஆண்டு தேர்ச்சி பெற்ற வகுப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவர்கள் வாழ்நாள் முழுவதும் ஒருவரை ஒருவர் காப்பார்கள், ஒன்றாகவே பதவி உயர்வார்கள். திறமையில்லாதவனை நீக்கினாலோ கொலைகாரனைக் கூண்டில் ஏற்றினாலோ மொத்த வகுப்புக்கும் இழுக்கு. அதோடு காசும் இருக்கிறது. படைப்பிரிவில் இல்லாத வீரர்களின் பெயரைச் சம்பளப் பட்டியலில் வைத்து, அந்தச் சம்பளத்தைத் தளபதி எடுத்துக்கொள்வது வழக்கம். ஆள் கணக்கைத் தளபதியே எழுதி, சம்பளத்தையும் தளபதியே கையில் வாங்கிப் பட்டுவாடா செய்யும் எந்தப் படையிலும் இது நடக்கும். ஆப்கானிஸ்தானிலும் இதே நோய்தான். இப்படிப்பட்டவனுக்குப் போர் முடிந்தால் வருமானம் போச்சு.

நிபந்தனைகளுக்கு வருவோம். 1981-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: சால்வடோர் அரசு மனித உரிமையை மதிக்க 'முயன்று வருகிறது', படைகளைக் கட்டுக்குள் 'கொண்டு வருகிறது' என்று அதிபர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்று தர வேண்டும், தந்தால்தான் பணம். முதல் சான்று 1982 ஜனவரி 28 அன்று கையெழுத்தானது. அதற்கு முந்தைய நாள்தான் எல் மொசோத்தே படுகொலைச் செய்தி அமெரிக்காவின் இரண்டு பெரிய நாளிதழ்களில் முதல் பக்கத்தில் வந்திருந்தது. 1981 டிசம்பர் 11-ஐ ஒட்டிய நாட்களில் அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் ஆயிரத்தை ஒட்டிய பேரைக் கொன்றது அட்லகாட்ல் பட்டாலியன். அமெரிக்கர்கள் பயிற்றுவித்த முதல் அதிரடிப் பட்டாலியன் அதுதான். அரசு மறுத்தது, அமெரிக்க வெளியுறவுத் துறையும் ஆதாரமில்லை என்றது. 1992-ல் அர்ஜென்டீனத் தடயவியல் நிபுணர்கள் தேவாலயத்தை ஒட்டிய ஒரே ஓர் அறையைத் தோண்டினார்கள். குறைந்தது 143 பேரின் எலும்புகள். அவர்களில் 131 பேர் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கூடவே 245 ரவைக் கூடுகள். அவற்றில் 184-ன் அடிப்பாகத்தில் உற்பத்திக் குறி படிக்க முடிந்தது: மிசௌரி மாநிலத்தின் லேக் சிட்டி ஆலை. உதவிப் பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான ரசீது கிடைக்காது.

சான்று ஏன் தோற்றது? 'முயன்று வருகிறது' என்பதை யாரும் அளக்க முடியாது. சான்று தருபவரும் பணம் கொடுக்க விரும்புபவரும் ஒரே ஆள். தராவிட்டால் விளைவு மொத்த நிறுத்தம், அதாவது அரசு கவிழும் என்ற பயம். எனவே நான்கு முறையும் சான்று வந்தது. 1983 நவம்பரில் இந்த விதியை நீட்டிக்கும் மசோதாவை ரீகன் கையெழுத்திடாமல் செத்துப்போக விட்டார்.

பலித்த நிபந்தனைகளும் உண்டு. அவை வேறு வார்ப்பு. 1983 டிசம்பரில் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் சான் சால்வடோருக்கு நேரில் போய், கொலைக்குழுக்களோடு தொடர்புள்ள அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலைத் தளபதிகள் முன் வைத்தார். இவர்களை நகர்த்துங்கள், இல்லையென்றால் உதவி நிற்கும்; நகர்த்தினால் கூடும். சிலர் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு மாற்றப்பட்டார்கள், கொலைக்குழுக் கொலைகளும் கண்கூடாகக் குறைந்தன. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் இதில் வேறொன்றும் அம்பலமானது: தளபதிகளால் கட்டுப்படுத்த முடியாத கொலைகள் என்று அதுவரை சொல்லி வந்தது பொய். சொன்னதும் குறைந்ததே.

இன்னொன்று: அந்த நான்கு பெண்களின் வழக்கில் தீர்ப்பு வரும்வரை 1984-க்கான முதல் ஒதுக்கீட்டில் (ஆண்டின் மொத்தத்தில் அல்ல) 30 சதவீதத்தை, 1.9 கோடி டாலருக்கு மேல், நாடாளுமன்றம் பிடித்து வைத்தது. 1984 மே மாதம் ஐந்து காவல்படையினர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, பணம் விடுவிக்கப்பட்டது. ஆட்களைக் கொன்றதற்காகச் சால்வடோர் படையினர் தண்டிக்கப்படுவது அங்கே கேள்விப்படாத ஒன்று. ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு, ஒரு தொகை என்று இருந்ததால் பலித்தது. ஆனால் கேட்டது அவ்வளவுதான் என்பதால் கிடைத்ததும் அவ்வளவுதான். உத்தரவிட்டவர்களை யாரும் தொடவில்லை.

1989 நவம்பரில் எஃப்எம்எல்என் தலைநகருக்குள்ளேயே புகுந்தது. ஒன்பது ஆண்டு உதவிக்குப் பிறகும் அதனால் அப்படிப் புக முடிந்தது. 16-ஆம் தேதி விடியற்காலை அதே அட்லகாட்ல் பட்டாலியனின் ஒரு பிரிவு மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆறு இயேசு சபைக் குருக்களையும், சமையல்கார அம்மாவையும், அவர் மகளையும் சுட்டுக் கொன்றது. 1990 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவ உதவியைப் பாதியாக வெட்டி 4.25 கோடி டாலராக்கியது. அந்தச் சட்டத்தின் அமைப்பு நுட்பமானது. அரசு பேச்சுவார்த்தையை விட்டு வெளியேறினாலோ குருக்கள் கொலை வழக்கை மூடினாலோ மீதிப் பாதியும் போகும். கெரில்லாக்கள் பேச்சை முறித்தாலோ, பெரும் தாக்குதல் நடத்தினாலோ, வெளியிலிருந்து ஆயுதம் வாங்கினாலோ வெட்டிய பாதி திரும்ப வரும். ஒரே பணத்தால் இரண்டு பக்கத்தையும் மேசையில் உட்கார வைக்கிற ஏற்பாடு. 1991 ஜனவரி 2 அன்று கெரில்லாக்கள் ஓர் அமெரிக்க ஹெலிகாப்டரை வீழ்த்தி, உயிர் பிழைத்தவர்களையும் கொன்றபோது, அதே மாதம் அமெரிக்க அரசு பணத்தைத் திறக்க இந்த விதியையே எடுத்துக்காட்டியது. இதற்குள் பனிப்போரும் முடிந்து, நிகரகுவாவில் ஆட்சியிலிருந்த இடதுசாரி சாண்டினிஸ்டாக்களும் தேர்தலில் தோற்றிருந்தார்கள். சட்டம் மட்டுமே சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல்முறையாக, நீங்கள் விழுந்தாலும் சரி என்ற நிலையிலிருந்து வாஷிங்டன் பேசியது.

1992 ஜனவரி 16 அன்று மெக்ஸிகோவின் சபுல்தெபெக்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ராணுவம் பாதியாகக் குறைய வேண்டும், அதிரடிப் பட்டாலியன்கள் கலைய வேண்டும், தேசியக் காவல்படையும் கருவூலக் காவல்துறையும் ஒழிய வேண்டும், புதிதாக ஒரு சிவில் போலீஸ் வர வேண்டும். பயிற்சியாலும் சான்றாலும் பத்தாண்டில் கிடைக்காத சீர்திருத்தம், எதிரியோடு செய்த உடன்படிக்கையின் ஷரத்தாக வந்தது.

எனவே இன்று எந்த நாட்டுக்கான உதவி அறிவிப்பைப் படித்தாலும் மொத்தத் தொகையை முதலில் பார்க்காதீர்கள். எவ்வளவு உதிரிபாகத்துக்கு, எவ்வளவு மெக்கானிக் பயிற்சிக்கு? வீரனின் சம்பளம் அவன் கைக்கே போகிறதா, தளபதி வழியாகவா? நிபந்தனையில் தேதியும் பெயரும் தொகையும் உண்டா, பாதியை மட்டும் நிறுத்த வழி இருக்கிறதா? சரிபார்த்துச் சொல்வது யார், கொடுப்பவரேவா?

உத்தரவிட்டவர்களுக்குத் தண்டனை என்ற ஒன்றை மட்டும் எந்த நிபந்தனையும் எட்டவில்லை. 1993 மார்ச் 15 அன்று உண்மை ஆணைய அறிக்கை வந்தது. தன்னிடம் வந்த புகார்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தில் சாட்சிகள் கைகாட்டியது அரசுப் படைகளையும் அவற்றோடு சேர்ந்த கொலைக்குழுக்களையும்தான் என்றது அது. ஐந்தே நாளில் பொது மன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. 2016 ஜூலையில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குருக்கள் கொலையில் முன்னாள் துணை அமைச்சர் கர்னல் இனோசென்டே மொன்டானோவுக்கு 2020-ல் 133 ஆண்டுச் சிறை விதித்தது ஸ்பெயின் நீதிமன்றம். அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில்.